எஸ்கிமோ பிராட்ஹெட்டும் ஒரு நல்ல அரமும்: மரபு வில்வேட்டைக்கான அம்புமுனைகள் பற்றிய மதிப்பீடு

மரபு வில்லோடு மான் வேட்டைக்குச் செல்பவர் எந்த பிராட்ஹெட்டை (வெட்டும் அலகுகள் கொண்ட வேட்டை அம்புமுனையை) வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் ஒன்றுதான். தம்மிடம் இருக்கும் கருவியைக் கொண்டு, தம் கையாலேயே, முன்கை மயிரை மழிக்கும் கூர்மைக்கு எந்த முனையைக் கொண்டுவர முடிகிறதோ அதையே அவர் வாங்க வேண்டும். அலகின் வடிவம், எடை, எஃகின் வகை, விலை ஆகிய அனைத்தும் இதற்கு அடுத்த நிலையில் வருபவை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் காடுகளில் வெள்ளைவால் மான் வேட்டைக்காகப் பல பருவங்களாக நான் பயன்படுத்தி வரும் ஜ்விக்கி நிறுவனத்தின் எஸ்கிமோ என்னும் இரண்டு அலகு முனையையும், அதைத் தீட்டும் கருவிகளையும், அதற்கு மாற்றாகக் கடைகளில் கிடைக்கும் வேறு சில வகைகளையும் இந்த அளவுகோலை வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்திருப்பதால், உரிமம் பெற்று வில்வேட்டையாடச் சட்டம் இடமளிக்கும் நாடுகளில் வாழும் தமிழருக்கே இது பயன்படும்.

துப்பாக்கிக் குண்டு போல அம்பு தாக்குவிசையால் கொல்வதில்லை. நுரையீரலையும் இரத்தக் குழாய்களையும் அறுத்து, இரத்த இழப்பால் கொல்கிறது. 45 முதல் 50 பவுண்டு வரை இழுவிசை கொண்ட, முனைகள் முன்னோக்கி வளைந்த ரீகர்வ் வில்லிலிருந்தோ நெடுவில்லிலிருந்தோ 500 கிரெயின் (ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெயின்) எடையுள்ள அம்பு விநாடிக்கு 170 அடி வேகத்தில் புறப்படுகிறது என்று கொண்டால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 43 ஜூல். 400 கிரெயின் அம்பை விநாடிக்கு 280 அடி வேகத்தில் செலுத்தும் கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லில் அந்த ஆற்றல் 94 ஜூல் அளவுக்கு உயர்கிறது. ஆக, மரபு வில்லாளரிடம் இருப்பது அதில் பாதிக்கும் குறைவான ஆற்றலே. தைக்கும் நேரத்தில் அலகுகளை விரித்துக்கொள்ளும் முனைகள் அந்த விரிப்புக்கே ஆற்றலில் ஒரு பகுதியைச் செலவிடுவதால், மரபு வில்லுக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. அலகு நிலையாகப் பொருத்தப்பட்ட, நீண்டு ஒடுங்கிய, மிகவும் கூரான முனையே இங்கு பொருத்தமானது.

கூர்மைக்கு நான் இவ்வளவு அழுத்தம் தருவதற்கு உடற்கூற்றுக் காரணமும் உண்டு. இரத்தக் குழாய் மீள்தன்மை உடையது. மழுங்கிய விளிம்பு பட்டால் அது அறுபடாமல் வழுக்கி ஒதுங்கிவிடவோ பிய்ந்து கிழியவோ கூடும். பிய்ந்து கிழிந்த குழாயின் சுவர் இரத்தம் உறைவதை விரைவாகத் தூண்டும். நேர்த்தியாக அறுபட்ட குழாய் அவ்வளவு எளிதில் அடைபடாது. இரண்டு நுரையீரல்களையும் கூரான முனை கடந்து மறுபக்கம் வெளியேறினால், மான் பெரும்பாலும் நூறு கஜத் தொலைவுக்குள், சில விநாடிகளில் விழுந்துவிடும். இரண்டு துளைகள் இருப்பதால் தரையில் இரத்தத் தடமும் தெளிவாக அமையும். மழுங்கிய முனையால் காயப்பட்ட மான் சதுப்புநிலத்துக்குள் ஓடி, மணிக்கணக்கில் துன்பப்பட்டு, கண்டெடுக்கப்படாமலே இறக்க நேரிடலாம். வில்லை ஏந்திக் காட்டுக்குள் செல்பவருக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு வேறில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜ்விக்கி நிறுவனம் மினசோட்டா மாநிலத்தின் நார்த் செயின்ட் பால் நகரைச் சேர்ந்தது. கிளிஃப் ஜ்விக்கி உருவாக்கிய பிளாக் டயமண்ட் முனைகளின் வரலாறு 1938இல் தொடங்குகிறது. எஸ்கிமோ அந்த வரிசையைச் சேர்ந்ததே. நான் பயன்படுத்துவது தண்டின் மேல் ஒட்டிப் பொருத்தும் 125 கிரெயின் முனை. கிராம் கணக்கில் அது எட்டுக்குச் சற்று அதிகம். அகலம் 1 1/8 அங்குலம். கையில் எடுத்துப் பார்த்தால், தண்டைச் செருகும் குழல் அலகின் நடுவில் மேடாகப் புடைத்து, முன்னோக்கிச் செல்லச் செல்ல ஒடுங்கி, நுனிக்குச் சற்றுப் பின்னால் அலகோடு கரைந்துவிடுவதைக் காணலாம். நுனிப்பகுதியில் எஃகுத் தகடு அடுக்காகப் படிந்து தடித்திருப்பதால், விலா எலும்பில் பட்டாலும் நுனி எளிதில் மடங்குவதில்லை. இதே நிறுவனத்தின் டெல்டா என்னும் முனை 1 3/8 அங்குல அகலமுடையது. அது பெரிய வெட்டைத் தரும் என்றாலும், அகலம் கூடக்கூட ஊடுருவும்போது எதிர்ப்பும் கூடும். காற்றில் அம்பின் போக்கைத் திருப்பும் பரப்பும் கூடும். 50 பவுண்டுக்கு மேற்பட்ட வில்லும் நன்கு ஒத்திசைந்த அம்பும் உடையவர் டெல்டாவை எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே இருப்பவருக்கு எஸ்கிமோவே ஏற்றது.

இந்த முனை கடையிலிருந்து வரும்போது வேட்டைக்குத் தயாராக இருக்கும் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டாம். விளிம்பை நோக்கிச் சாயும் சரிவு மட்டுமே வகுக்கப்பட்டிருக்கும். இறுதிக் கூர்மையை வேட்டையாடுபவரே ஏற்ற வேண்டும் என்பது மரபு முனைகளில் நெடுங்காலமாக இருந்து வரும் வழக்கம். பெட்டியைத் திறந்ததும் அப்படியே எய்ய விரும்புபவருக்கு இது குறையாகத் தோன்றலாம். எனக்கோ இதன் மிகப் பெரிய நிறையே இங்குதான் இருக்கிறது. இதன் எஃகு, சாதாரண அரம் நன்றாகக் கடிக்கும் பதத்தில் இருக்கிறது. விலையுயர்ந்த கருவியோ வைரக்கல்லோ இல்லாமல், கூடாரத்தின் வாசலில் உட்கார்ந்துகூட இதற்குக் கூரேற்றிவிடலாம்.

மிச்சிகன் வில்லாளர்களுக்கு பிராட்ஹெட் என்றாலே முதலில் நினைவுக்கு வருபவர் ஃப்ரெட் பேர். கிரேலிங் என்னும் ஊரில் தம் தொழிற்சாலையை நடத்திய அவர் 1956இல் வெளியிட்ட ரேசர்ஹெட், இரண்டு அலகு முனையின் குறுக்கே சவர பிளேடு போன்ற மெல்லிய அலகு ஒன்றைச் செருகிக்கொள்ள இடமளித்தது. முதன்மை அலகை அரத்தால் தீட்டிக்கொண்டு, செருகும் அலகை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் வசதி. இன்று எஸ்கிமோவும் அத்தகைய சிற்றலகுகளுடன் நான்கு அலகு வடிவில் கிடைக்கிறது. நான் இரண்டு அலகு வடிவிலேயே நிற்கிறேன். ஏனெனில் சிற்றலகுகளைத் தீட்டுவதற்குக் குழலுக்கும் அலகுக்கும் இடையே அரம் நுழையப் போதிய இடமில்லை. தீட்ட முடியாத அலகைச் சுமந்து செல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

மூன்று அலகு முனைகளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மூன்று அலகுகளும் சம இடைவெளியில் அமைந்திருப்பதால், முனையை அரத்தின் மீதோ தட்டையான கல்லின் மீதோ கிடத்தினால் இரண்டு அலகுகளின் விளிம்புகள் ஒரே நேரத்தில் தளத்தில் படியும். கோணத்தை நம் கை கணக்கிட வேண்டியதில்லை. முனையின் வடிவமே அதைப் பார்த்துக்கொள்கிறது. முன்னும் பின்னும் தேய்த்து, சுழற்றி, அடுத்த இணையைத் தேய்த்தால் போதும். தீட்டும் கலையைப் புதிதாகக் கற்பவர், உட்ஸ்மேன் போன்ற நீண்டு ஒடுங்கிய மூன்று அலகு முனையையோ, ஒரே எஃகுத் துண்டிலிருந்து கடைந்தெடுக்கப்பட்ட விபிஏ முனையையோ தேர்ந்தெடுத்தால் மிக விரைவில் நல்ல கூர்மையை அடைவார். ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. இவ்வாறு தீட்டப்படும் விளிம்பின் மொத்தக் கோணம் 60 பாகை அளவில் அமைந்துவிடுகிறது. இரண்டு அலகு முனையில் பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை வீதம் 40 முதல் 50 பாகைக்குள் அதை வைத்துக்கொள்ளலாம். கோணம் விரிந்த விளிம்பு எலும்பில் பட்டால் எளிதில் சிதைவதில்லை, ஆனால் அறுக்கக் கூடுதல் விசை கேட்கும். மூன்று அலகுகள் தோலில் திறக்கும் துளை எளிதில் மூடிக்கொள்ளாது என்பதும், இரத்தத் தடம் நன்றாக அமைகிறது என்பதும் உண்மையே. போதுமான இழுவிசை உள்ள வில்லுக்கு இவற்றை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். 45 பவுண்டுக்குக் கீழே உள்ள வில்லுக்கு இரண்டு அலகே நல்லது.

ஒருபக்கச் சரிவு முனைகள் பற்றி இப்போது அதிகம் பேசப்படுகிறது. இதற்குப் பெரும் காரணம் எட் ஆஷ்பி என்ற ஆய்வாளர். தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் 1980களில் அவர் தொடங்கிய ஊடுருவல் ஆய்வுகளில், அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளமுள்ள, ஒருபக்கம் மட்டும் சரிவு கொண்ட கிரிஸ்லி போன்ற முனைகள் கனமான எலும்பை உடைத்துச் செல்வதில் சிறந்து விளங்கின. ஒவ்வோர் அலகிலும் ஒரு பக்கத்தில் மட்டுமே சரிவு இருப்பதால், முனை உடலுக்குள் செல்லும்போதும் திரும்பிக்கொண்டே செல்கிறது. எலும்பில் சிக்கும்போது அந்தத் திருகல் எலும்பைப் பிளக்கிறது. ஆனால் வாங்குபவர் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. முனை எந்தத் திசையில் திரும்புகிறதோ அதே திசையில்தான் இறகுகளும் அம்பைச் சுழற்ற வேண்டும். வலச்சரிவு முனைக்குப் பறவையின் வலச்சிறகிலிருந்து எடுத்த இறகும், இடச்சரிவு முனைக்கு இடச்சிறகிலிருந்து எடுத்த இறகும் தேவை. இவற்றை மாற்றிப் பொருத்தினால், பறக்கும்போது ஒரு பக்கமும் உடலுக்குள் மறுபக்கமுமாகச் சுழற்சி மாறி, உள்ள ஆற்றலும் வீணாகும். தவிர, இந்த வகையில் பல முனைகள் அரத்துக்கு எளிதில் இணங்காத கடினப் பதத்தில் வருகின்றன. காட்டுப்பன்றி, எல்க் என்னும் பெரிய மான் போன்ற கனத்த எலும்புடைய விலங்குகளைத் தேடிச் செல்பவருக்கு இது ஏற்ற தேர்வு. இருபது கஜத்துக்குள், பக்கவாட்டில் நிற்கும் வெள்ளைவால் மானின் விலா எலும்புக்கு எஸ்கிமோ தாராளமாகப் போதும்.

கருவிகள் செய்யப் பயன்படும் கடினமான எஃகில் (கருவி எஃகில்) செய்யப்பட்ட உயர்விலை முனைகளும் சந்தையில் உள்ளன. வாங்கியபடியே மயிர் மழிக்கும் கூரோடு வருவதும், அந்தக் கூர் நெடுநாள் நிற்பதும் இவற்றின் சிறப்பு. ஆனால் ஒருமுறை கல்லிலோ மண்ணிலோ பட்டு விளிம்பு சிதைந்தால், சாதாரண அரம் இவற்றின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். வைரக்கல் இல்லாமல் மீட்க முடியாது. வீட்டில் நல்ல தீட்டும் மேசையும் பொறுமையும் உள்ளவருக்கு இது சிக்கலன்று. காட்டில் பல நாள் தங்கி வேட்டையாடுபவருக்கு, அங்கேயே சரிசெய்ய முடிகிற மிதமான பதமுள்ள எஃகே துணை நிற்கும்.

இனித் தீட்டும் முறைக்கு வருவோம். எனக்குத் தேவைப்படுபவை பத்து அங்குல ஒற்றைவெட்டு மில் அரம் (பற்கள் ஒரே திசையில் அமைந்த தட்டை அரம்) ஒன்று, நுண்மணிக் கல் ஒன்று, பலகையில் ஒட்டிய தோல்பட்டை ஒன்று, ஒரு கறுப்பு மார்க்கர். அரத்தை வாங்கும்போது விலை பார்க்க வேண்டாம். மலிவான அரத்தின் பற்கள் சில முனைகளிலேயே தேய்ந்துவிடும், அதன்பின் அது வெட்டாமல் உரசிக்கொண்டே இருக்கும். பற்களுக்கு இடையே எஃகுத் துகள் அடைத்துக்கொண்டால் அடுத்த இழுப்பில் விளிம்பில் ஆழமான கீறல் விழும். எனவே தொடங்கும் முன் பற்களில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டு, அடிக்கடி கம்பித் தூரிகையால் துலக்க வேண்டும்.

முனையை ஒரு பழைய தண்டில் பொருத்தி, தண்டை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொள்வது நல்லது. வெறுங்கையில் முனையைப் பிடித்துக்கொண்டு அராவுவது மிகவும் ஆபத்தானது. முனையைப் பிடிக்கும் கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை கட்டாயம் வேண்டும். சரிவு முழுவதும் மார்க்கரால் கறுப்பு பூசிக்கொண்டு, அலகின் அடியிலிருந்து நுனியை நோக்கி அரத்தை ஒரே நீண்ட இழுப்பாகத் தள்ள வேண்டும். அரம் தள்ளும்போது மட்டுமே வெட்டும். திரும்பும்போது அதைத் தூக்கிக்கொள்ள வேண்டும், உரசி இழுக்கக் கூடாது. மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்தால் கோணம் சரியா என்பது தெரிந்துவிடும். மேல்பகுதியில் மட்டும் அழிந்திருந்தால் அரம் படுத்திருக்கிறது, விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் அரம் நிமிர்ந்திருக்கிறது. முழுச் சரிவும் அடியிலிருந்து நுனிவரை ஒரே பளபளப்பாக வரும்வரை இதைத் தொடர வேண்டும்.

ஒரு பக்கம் போதுமான அளவு அராவப்பட்டுவிட்டதற்கு அடையாளம் பிசிறு. மறுபக்கத்தில், குழலிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளிநோக்கிப் பெருவிரலின் சதையை மெல்லத் தடவிக்கொண்டு வந்தால், விளிம்பு நெடுகிலும் மெல்லிய கம்பி போல ஏதோ ஒன்று தட்டுப்படும். அது அலகின் அடிமுதல் நுனிவரை இடைவெளியின்றித் தட்டுப்பட வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் இல்லையென்றால் அந்த இடத்தில் இன்னும் இரு சரிவுகளும் சந்திக்கவில்லை என்று பொருள். புதிதாகத் தீட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தக் கட்டத்துக்கு வருமுன்பே கல்லுக்கும் தோலுக்கும் தாவிவிடுகிறார்கள். பிசிறு எழாத விளிம்பை எவ்வளவு மெருகேற்றினாலும் அது மெருகேறிய மழுங்கல் விளிம்பாகவே இருக்கும். பிசிறு முழுமையாக எழுந்தபின் மறுபக்கத்தை அராவிப் பிசிறை இந்தப் பக்கம் திருப்ப வேண்டும். அதன்பின் பக்கத்துக்கு ஒன்றாக இழுப்புகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசி இழுப்புகளில் அரத்தின் எடை மட்டும் முனையில் படும்படி விட வேண்டும். இரு பக்கங்களுக்கும் இழுப்புகளின் எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால் அலகு ஒருபக்கம் குறுகி முனையின் சமநிலை கெடும்.

இந்த இடத்தில் நிறுத்திவிடலாமா, மேலும் தொடர வேண்டுமா என்பதில் இரண்டு கருத்துகள் நெடுநாளாக நிலவுகின்றன. புகழ்பெற்ற அமெரிக்க வில்லாளரான ஹோவர்ட் ஹில் அரத்தோடு நிறுத்தி, நுண்ணிய பற்களை விளிம்பில் விட்டுவைப்பதை விரும்பினார். ரம்பம் போன்ற அந்த விளிம்பு தசையை நன்றாக அறுக்கும் என்பது அந்தத் தரப்பின் வாதம். ஆஷ்பி உள்ளிட்டோர் வழவழப்பாக மெருகேற்றிய விளிம்பையே வலியுறுத்துகின்றனர். பல் விளிம்பில் நார்களும் மயிரும் சிக்கி ஊடுருவலைக் குறைக்கும் என்பதும், மெருகேறிய விளிம்பு எலும்பைக் கடந்த பின்னும் கூரோடு இருக்கும் என்பதும் அவர்கள் தரும் காரணங்கள். நான் இரண்டாம் தரப்பையே ஏற்கிறேன். அரத்துக்குப் பின் நுண்மணிக் கல்லில் அதே கோணத்தில் சில மென்மையான இழுப்புகள் கொடுத்து, பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பூசிய தோலில் விளிம்பு பின்தொடரும்படி இழுத்தால் எஞ்சிய பிசிறும் கழன்றுவிடும். தோலில் விளிம்பை முன்னால் விட்டுத் தள்ளினால் அது தோலை வெட்டிவிடும் என்பதால், இழுக்கும் திசையை மட்டும் மறந்துவிடக் கூடாது.

கையால் கோணத்தைப் பிடிக்க முடியாதவர்களுக்கு கேஎம்இ நிறுவனத்தின் பிராட்ஹெட் தீட்டி நல்ல துணை. முனையைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கியும், அதன் பின்னால் உருளும் சிறு உருளையும் கொண்ட எளிய கருவி அது. உருளையின் நிலையை மாற்றிக் கோணத்தை அமைத்துக்கொண்டு, மேசையில் வைத்த அரத்தின் மீதோ கல்லின் மீதோ அதை உருட்டினால் ஒவ்வோர் இழுப்பும் ஒரே கோணத்தில் விழுகிறது. இருபக்கச் சரிவு, ஒருபக்கச் சரிவு ஆகிய இரண்டுக்கும் அது பொருந்தும். ஒருபக்கச் சரிவு முனைக்கு நான் இதையே பயன்படுத்துகிறேன். தட்டையான மறுபக்கத்தில் பிசிறை நீக்குவதற்கு மட்டும் கல்லில் முழுத் தட்டையாகக் கிடத்தி இரண்டொரு மென்மையான இழுப்புகள் கொடுத்தால் போதும். மாறாக, இரண்டு கார்பைடுத் துண்டுகளை V வடிவில் வைத்து இழுத்துத் தீட்டும் சிறு கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை எஃகைச் சீவிச் சுருட்டி, ஒழுங்கற்ற விளிம்பை விட்டுச் செல்கின்றன.

கூர் வந்துவிட்டதா என்பதைத் தாளை வெட்டிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, ஏனெனில் நடுத்தரமான விளிம்பும் தாளை வெட்டும். முன்கை மயிரைத் தடையின்றி மழிக்கிறதா என்று பார்க்கலாம். அதைவிட நல்ல சோதனை ரப்பர் பேண்டு. ஒரு சட்டத்தில் தளர்வாக மாட்டிய ரப்பர் பேண்டின் மேல் விளிம்பை லேசாக வைத்து நகர்த்தும்போது, ரப்பர் இழுபடாமல் உடனே அறுந்தால் அந்த விளிம்பு இரத்தக் குழாயையும் அப்படியே அறுக்கும். இழுபட்டு, நீண்டு, பிறகு அறுந்தால் மீண்டும் கல்லுக்குச் செல்ல வேண்டும். அலகின் அடி, நடு, நுனி ஆகிய மூன்று இடங்களிலும் இந்தச் சோதனையைச் செய்கிறேன். ஊசி போல ஒடுங்கிய நுனியை மட்டும் அரத்தால் ஓரிரு முறை தொட்டுச் சிறு உளிமுனை போல் ஆக்கிவிடுவது நல்லது. மிக மெல்லிய நுனி எலும்பில் பட்டதும் சுருண்டுகொள்ளும், சுருண்ட நுனி ஊடுருவலைப் பெரிதும் கெடுக்கும்.

எவ்வளவு கூரான முனையாக இருந்தாலும் தண்டில் நேராக அமரவில்லையென்றால் பயனில்லை. மரத் தண்டின் முன்முனையை 5 பாகைச் சரிவில் சீவி, முனையின் குழலை மட்டும் சூடாக்கி, உருகிய பசையைத் தடவி, சுழற்றிக்கொண்டே அமர்த்த வேண்டும். பசை ஆறியதும் அம்பை நுனியில் நிறுத்தித் தட்டாமாலை போலச் சுழற்றிப் பார்த்தால், குழலும் தண்டும் சேரும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். ஆட்டம் இருந்தால் மீண்டும் சூடாக்கிச் சற்றே திருப்பி அமர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒட்டும் முனைகளை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். மலிவு விலையில் நான் ஒருமுறை வாங்கிய திருகு முனைகளில் குழலே வளைந்திருந்ததால், எந்தத் தண்டில் பொருத்தினாலும் ஆட்டத்தை நீக்க முடியாமல் அவற்றை ஒதுக்கிவைக்க நேர்ந்தது.

அதன்பின் எய்து பார்க்க வேண்டும். அதே எடையுள்ள பயிற்சி முனையும் பிராட்ஹெட்டும் ஒரே இடத்தில் தைத்தால் அம்பும் வில்லும் ஒத்திசைந்துள்ளன என்று பொருள். வலக்கையால் நாண் இழுப்பவருக்கு பிராட்ஹெட் தொடர்ந்து இடப்புறம் தைத்தால் தண்டு விறைப்பாக இருக்கிறது. முனையின் எடையைக் கூட்டிப் பார்க்கலாம். வலப்புறம் தைத்தால் தண்டு நெகிழ்வாக இருக்கிறது. எடையைக் குறைக்கலாம் அல்லது தண்டின் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். அலகு படுக்கை நிலையில் இருக்க வேண்டுமா, நிற்கும் நிலையில் இருக்க வேண்டுமா என்பதைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். அம்பு சுழன்றுகொண்டே பறப்பதால் அதில் எந்த வேறுபாடும் இல்லை. ஃபோம் இலக்கில் ஒருமுறை எய்த முனையின் கூர் குறைந்துவிடும் என்பதால், பயிற்சிக்கென ஒரு தொகுதியையும் வேட்டைக்கென மற்றொரு தொகுதியையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மிச்சிகனில் மான் வேட்டைக்கான பிராட்ஹெட் குறைந்தது 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும், அம்பு குறைந்தது 14 அங்குல நீளம் இருக்க வேண்டும். அலகின் பின்விளிம்பு கொக்கி போல் பின்னோக்கி வளைந்த முனைகளைச் சில மாநிலங்கள் தடைசெய்கின்றன. வேறு மாநிலத்துக்கு வேட்டைக்குச் செல்பவர் அங்குள்ள விதியைப் படித்துவிட்டு, தேவையானால் பின்மூலைகளை அராவிக்கொள்ள வேண்டும்.

எஸ்கிமோவின் எஃகு எளிதில் துருப்பிடிக்கும் என்பது உண்மையான குறை. அக்டோபர் 1 அன்று பருவம் தொடங்கும்போது இங்கு காலைப் பனியும் ஈரமும் மிகுதி. தீட்டிப் பளபளப்பாக்கிய விளிம்பில் ஓரிரவிலேயே செம்பழுப்பு படர்ந்துவிடும், துரு முதலில் தின்பது மெல்லிய விளிம்பைத்தான். தீட்டியதும் மணமற்ற எண்ணெயையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ மெல்லியதாகத் தடவிவிட்டால் இதைத் தடுக்கலாம். அலகுகளை முழுவதும் மூடும் கவசமுள்ள அம்பறாத்தூணி, அம்புகள் ஒன்றோடொன்று உரசாத இடைவெளி ஆகிய இரண்டும் முனையின் கூர்மையையும் காக்கும், வேட்டையாடுபவரின் தொடையையும் காக்கும். ஈரமான நாளின் இறுதியில் ஒவ்வொரு விளிம்பையும் ரப்பர் பேண்டில் மீண்டும் தொட்டுப் பார்த்து, மங்கியிருந்தால் தோலில் இழுத்துவிட்டு மறுநாளுக்கு வைக்க வேண்டும்.

விலையைப் பார்த்தால், ஒரு கருவி எஃகு முனைக்குக் கொடுக்கும் பணத்தில் பல எஸ்கிமோக்களை வாங்கிவிடலாம். 40 முதல் 55 பவுண்டு வரையுள்ள வில்லும் மரத் தண்டும் வைத்திருப்பவர், தீட்டக் கற்றுக்கொள்ளும் விருப்பமும் உடையவராயின், இதை முதல் தேர்வாகவே கொள்ளலாம். கற்றுக்கொள்ள நேரமில்லாதவர், போதுமான இழுவிசை இருந்தால் மூன்று அலகு முனைக்குச் செல்லட்டும். எலும்பில் பட்டு மீண்ட எஸ்கிமோவையும் உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. நுனி மடங்காமல், சுழற்றும்போது ஆடாமல் இருந்தால், சிதைந்த விளிம்பை அரத்தால் பின்னுக்குக் கொண்டுவந்து மீண்டும் பயன்படுத்தலாம். புதிய முனையின் 1 1/8 அங்குலத்துக்கும் சட்டம் கேட்கும் 7/8 அங்குலத்துக்கும் இடையே பக்கத்துக்கு 1/8 அங்குலம் எஃகு இருக்கிறது. அது பல ஆண்டுத் தீட்டலுக்குப் போதும். ஒவ்வொரு பருவத்துக்கும் முன் காலிப்பரால் அகலத்தை அளந்து, அந்த எல்லையை நெருங்கிவிட்ட முனைகளைப் பயிற்சித் தொகுதிக்கு மாற்றிவிடுகிறேன்.